மூன்று வருடம் குறைத்து

எங்கள் விளையாட்டு விடுதியின் மருத்துவ அறைச் சுவரில் இருபத்தாறு இதயங்கள் ஓடிக்கொண்டிருக்கும். விடுதியில் இருந்த இருபத்தாறு பிள்ளைகளின் இதயத்தையும் அளந்து கணினி கட்டிய கணக்கு இதயங்கள் அவை. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் உண்டு. பாளையங்கோட்டையில் நாங்கள் அதை நிழல் என்றோம். பிள்ளையின் நெஞ்சில் கட்டிய பட்டை தகவல் அனுப்ப அனுப்ப, மைதானத்தில் இன்று ஓடுகிற ஓட்டத்தை நிழலும் ஓடும். அதோடு விடாமல் அடுத்த வாரத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் சேர்த்து முன்னால் ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். நாலு வருடப் பயிற்சியைத் தாங்கினால் பச்சை. நடுவில் எங்கேயாவது நின்றுவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்த பிள்ளை அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

என் பெயர் ஜெபசிங். இருபத்திரண்டு வருடமாக ஓட்டப் பயிற்சியாளன். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், வாயில் வசவு, இதுதான் என் படிப்பு. கணினி என்றாலே எனக்கு ஆகாது. ஆனாலும் நிழல் வந்தபோது முதலில் கையெடுத்துக் கும்பிட்டவன் நான்தான். காரணம் கோமதி.

கோமதி எண்ணூறு மீட்டர்க்காரி. சங்கரன்கோவில் பக்கம். ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள், முதல் சுற்றில் ஐந்தாவதாக வருவாள், இரண்டாவது சுற்றில் கடைசி நூற்றைம்பது மீட்டரில் முன்னால் போகிறவர்களின் உயிரை எடுப்பாள். அவள் ஓடி வரும்போது நான் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடிக் கத்துவேன். "கோமதி, விடாத! கோமதி, விடாத!" அவள் நெஞ்சில் காதை வைத்தால் இரண்டு துடிப்புக்கு நடுவில் காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். பழைய காலமாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எதற்கு வம்பு என்பதுதான் அப்போதைய மருத்துவம்.

விடுதி மருத்துவர் அஸ்மா அப்படிப்பட்டவர் இல்லை. மேலப்பாளையத்துக்காரர். பிள்ளைகளை அதட்டியே பிரியம் காட்டுவார். நிழல் பொருத்திய அன்று என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"மாஸ்டர், இதயத்துல இருந்து ரத்தம் வெளிய போற வாசல்ல ஒரு வால்வு இருக்கு. எல்லாருக்கும் அதுல மூணு இதழ். இவளுக்குப் பிறவியிலேயே ரெண்டுதான். மூணு பேர் பிடிக்க வேண்டிய கதவ ரெண்டு பேர் பிடிச்சுட்டு நிக்காங்கன்னு வெச்சுக்கோங்க."

"அப்ப ஓடக் கூடாதா டாக்டர்?"

"யார் சொன்னா? நூறு பேர எடுத்தா ஒருத்தர் ரெண்டு பேருக்கு இப்படி இருக்கும். பாதிப் பேரு அது தெரியாமயே பேரன் பேத்தி பாத்துருவாங்க. இவ இதயம் சுருங்குறது, விரியறது, ரத்தம் தள்ளுறது எல்லாம் மத்த பிள்ளைங்க மாதிரியேதான் இருக்கு. பாக்கப்போனா ஒரு படி மேல. நாம பாத்துக்க வேண்டியது வால்வுக்கு மேல இருக்கிற பெரிய குழாய. அது பெருத்துட்டே போனா ஒருநாள் கிழிஞ்சிரும். கிழிஞ்சா ஆஸ்பத்திரி போக நேரம் இருக்காது."

"அத யாரு பாப்பா?"

"அதுக்குத்தான நெழல்" என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் கோமதியின் நிழல் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு யந்திரம் என் பிள்ளைக்கு நாலு வருடம் கொடுக்கிறது என்றால் அதைக் கும்பிடாமல் என்ன செய்ய?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிழலுக்குத் தீனி போட்டது நான்தான். பிள்ளையின் உயரம், எடை, பிறந்த தேதி, குடும்ப விவரம் எல்லாவற்றையும் பயிற்சியாளர் நிரப்பித் தர வேண்டும். இருபத்தாறு படிவத்தையும் ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து முடித்தேன். 'குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா?' என்று ஒரு கேள்வி. யாரிடமும் கேட்காமல் இருபத்தாறு 'இல்லை' போட்டேன். அதைக்கூட மன்னிக்கலாம். பிறந்த தேதி இருக்கிறதே, அதை மன்னிக்க முடியாது.

எங்கள் தொழிலில் வயதை இறக்குவது குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி. யாரும் அதைத் தப்பு என்றே நினைப்பதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகள் சோற்றுக்கு ஏங்கி வளர்ந்தவர்கள், பதினாலு வயதில் பதினொன்று மாதிரி இருப்பார்கள். நல்ல சாப்பாடு தின்று வளர்ந்த பிள்ளைகளோடு அவர்களை நிறுத்தினால் எப்படி ஜெயிப்பார்கள்? அதனால் இரண்டு வருடம், மூன்று வருடம் குறைத்துச் சான்றிதழ் வாங்கிவரச் சொல்வோம். எங்கே வாங்கினாய் என்று கேட்கக் கூடாது. அது எங்கள் தொழில் தர்மம்! முன்பெல்லாம் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வயது பார்ப்பார்கள், பத்துக்கு நாலு பேர் மாட்டுவோம். நிழல் வந்ததும் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். இதயம் பொய் சொல்லாது என்று ஒரு பெரிய அதிகாரி மேடையில் பேசினார். நானும் கை தட்டினேன்.

கோமதியை நான் கண்டெடுத்தபோது அவள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சண்முகக்கனி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர், புருஷன் இல்லை. "மூணு வருஷம் இறங்குனா போதும்மா, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். பதினைந்து நாளில் சான்றிதழ் வந்தது. ஒன்பதாவது படித்த பிள்ளையை இங்கே கொண்டுவந்து ஆறாவதில் உட்கார வைத்தேன். எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்தாள், ஏற்கெனவே படித்ததுதானே. அம்மா பார்க்க வரும்போது அவளை ஆவுடை என்று கூப்பிடுவார். வீட்டுப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் நிழல் பச்சையாகவே இருந்தது. அரை வருடத்துக்கு ஒருமுறை குழாயை அளப்பார்கள். முப்பத்திரண்டு மில்லிமீட்டர், முப்பத்து நான்கு, முப்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் நிழல் 'வயதுக்கு ஏற்ற வளர்ச்சி' என்று எழுதும். போன புரட்டாசியில் முப்பத்தொன்பது வந்தது. அப்போதும் பச்சை. அஸ்மா மட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், வளர்ற பிள்ளைக்குச் செருப்பு பத்தாமப் போற மாதிரிதான் இதுவும். உடம்பு வளரும்போது குழாயும் வளரும். பதினாறு வயசுன்னா நெழல் சொல்றது சரி. ஆனா வளர்ச்சி நின்னதுக்கு அப்புறமும் பெருத்தா அது வளர்ச்சி இல்ல, வீக்கம். நான் பாத்தவரைக்கும் ஒரு வருஷமா இவ ஒரு இஞ்சு கூட உயரல." என் பக்கம் திரும்பினார். "வயசு சரிதான?"

"சரிதான் டாக்டர்" என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பத்து வருடமாகச் சொல்லிப் பழகிய பதில், நாக்கு நுனியிலேயே இருந்தது. அதோடு, ஒரு பிள்ளையின் வயதைத் திறந்தால் எல்லாப் பிள்ளைகளின் வயதும் திறந்துகொள்ளும். வாங்கிய பதக்கங்கள் போகும், விடுதியை மூடுவார்கள், என் வேலையும் போகும். இதில் எதை முதலில் நினைத்தேன் என்று இன்றைக்கு என்னால் உண்மையாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் காலைப் பயிற்சியில் கோமதி நானூறாவது மீட்டரில் நின்றுவிட்டாள். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல சார். முதுகுல சுருக்குன்னுச்சு."

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளாத்தான். டாக்டரம்மாட்ட சொல்லிராதீங்க சார். ஜூனியர் மீட்டுப் போட்டி வருதுல்லா."

அவள் பயத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என்னுடைய பயமும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவில் பஸ் ஏறினேன்.

சண்முகக்கனி வீட்டில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஆவுடைக்கு என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா. அவளுக்கு நெசமான வயசு என்ன, அத மட்டும் சொல்லுங்க."

"வார ஐப்பசிக்கு பத்தொம்பது முடியுது."

"அந்த சர்ட்டிபிகேட்ட யாரு பண்ணிக் குடுத்தா? அந்த ஆளு மூலமாவே திருத்திரலாமான்னு பாக்கேன்."

"யாரும் பண்ணலயே சார். அது நெசமான சர்ட்டிபிகேட்டுதான்."

"பதினாறுன்னுல்லா போட்டிருக்கு?"

"அது சின்னவளோடது."

"எந்தச் சின்னவ?"

"கோமதி" என்றார்.

எனக்குப் புரிய நேரமாயிற்று. அவர் அடுப்படியில் இருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அரிசி களைகிற மாதிரி சாதாரணக் குரலில் சொன்னார்.

"எனக்கு ரெண்டு பிள்ளைல்லா சார். சின்னவளுக்கு அப்ப அஞ்சு வயசு. பால்வாடி விட்ட ஒடனே என்னப் பாத்து ஓடியாந்தா. வந்து காலக் கட்டிப் பிடிச்சா. அப்படியே சரிஞ்சிட்டா. தூக்கிப் பாத்தா மூச்சில்ல. வலிப்புன்னாவ, காத்து கருப்புன்னாவ. ஊருல யாரு இதெல்லாம் எழுதி வைக்கா? புதைச்சிட்டு வந்துட்டோம். நீங்க வந்து மூணு வருஷம் எறக்கணும்னீங்க. சின்னவ, பெரியவளுக்கு மூணு வருஷம் எளயவ. கணக்கு சரியா வந்திச்சு."

"அப்ப ஆவுடையோட சர்ட்டிபிகேட்டு?"

"ஆபீஸ் வாசல்ல ஒரு ஆளு உண்டும். அவரு சொன்னாரு, 'ரெண்டு பிள்ளன்னு காட்டுது, ஒரு பிள்ளதான் இருக்கு, நாளைக்குக் கேள்வி வரும், பெரியவள முடிச்சிருவோம்'னு."

"முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சாச்சு சார். ஆவுடைத்தாய், காச்சல்ல எறப்புன்னு எழுதி முத்திர போட்டு வாங்கியாச்சு. உங்ககிட்டச் சொல்லலாம்னு பாத்தேன். நீங்கதான் எங்க வாங்குனன்னு கேக்கவே இல்லையே."

செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தேன். அஞ்சு வயதுப் பிள்ளை ஓடிவந்து விழுந்து செத்திருக்கிறது. அந்த ஒரு வரி படிவத்தில் இருந்திருந்தால் நிழல் முதல் நாளே சிவப்பாகியிருக்கும். நான் அங்கே 'இல்லை' என்று எழுதியிருந்தேன். வயதை மறைத்த காகிதமே அந்தச் சாவையும் மறைத்துவிட்டது.

திங்கட்கிழமை அஸ்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த வால்வு கோளாறு சில குடும்பத்துல கூடவே வரும் மாஸ்டர். சின்னப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், இன்னும் மோசமா." சுவரைப் பார்த்தார். "எத்தன பேருக்கு வயசு மாத்திருக்கீங்க?"

"சரியான வயசு உள்ளவங்கள எண்ண ஒரு கை விரல் போதும் டாக்டர்."

"அப்ப இந்தச் சுவத்துல ஓடுறதெல்லாம் யாரோட இதயம்?"

நிழலில் வெள்ளோட்டம் என்று ஒரு வசதி உண்டு. வேறு எண்களைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் அந்த முடிவு வெளியே எங்கும் செல்லாது. அஸ்மா பத்தொன்பது வயது என்று போட்டார். 'உடன்பிறந்தவர், ஐந்து வயதில் திடீர் மரணம்' என்று போட்டார். நிழல் கிளம்பியது. சுவரில் மாதங்கள் ஓடின. ஏழாவது மாதத்தில் அந்தக் குழாய் கிழிந்தது. திரையில் எந்தச் சத்தமும் இல்லை. அந்தச் சின்ன வடிவம் ஒருதடவை உதறிவிட்டு நின்றது. பயிற்சி இல்லாமல் இன்னொரு தடவை ஓட்டினார். பதினாலு மாதம்.

"ஓடக் கூடாது. பளு தூக்கக் கூடாது. ரெண்டும் இப்ப இருந்தே" என்றார். "ஆபரேஷன் பண்ணுனா பொழச்சுக்குவா. அந்தக் குழாய மாத்திரலாம். ஓட்டம் போயிரும், உசுரு நிக்கும். நான் எழுதுறேன்."

எழுதினார். பத்து நாளில் பெரிய மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. 'கோமதி, வயது பதினாறு. நிழல் பச்சை. குழாயின் அளவு வயதுக்கு ஏற்றது. அறுவை தேவையில்லை.' அஸ்மா தொலைபேசியில் அரை மணி நேரம் கத்தினார். எதிர்முனையில் இருந்த டாக்டர் நல்ல மனிதர்தான் போலிருக்கிறது, தன் கஷ்டத்தைச் சொன்னார். பச்சை நிழல் உள்ள பிள்ளையின் நெஞ்சைப் பிளந்து ஏதாவது ஆகிவிட்டால் அவர் ஜெயிலுக்குப் போக வேண்டும். சரியான வயதைப் பதிந்து சிவப்பு வாங்கி வாருங்கள், மறுநாளே செய்கிறேன் என்றார்.

"முன்னெல்லாம் டாக்டர் எழுதுனா போதும் மாஸ்டர்" என்றார் அஸ்மா. "இப்ப நான் சொல்றத நெழல் ஒத்துக்கணும்."

சரியான வயதைப் பதிய ஆவுடைத்தாயின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நான் போட்ட 'இல்லை'யை மாற்ற இறப்புச் சான்றிதழ் வேண்டும், கையில் இருந்ததோ காய்ச்சல் என்று எழுதியது. நானும் சண்முகக்கனியும் அந்தப் பிள்ளையும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் பெயரைத் தட்டிப் பார்த்தார்.

"ஆவுடைத்தாய் எறந்துட்டாங்களே."

"இந்தா நிக்கிற பிள்ளதான் சார் அது."

"நெழல்ல இந்தப் பிள்ளையோட இதயம் கோமதிங்கிற பேர்ல பதிஞ்சிருக்கு. கோமதி உசுரோட இருக்காங்க. ஆவுடைத்தாய் எறந்துட்டாங்க. எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"செத்தது கோமதி சார். நாங்க தப்பா எழுதிக் குடுத்துட்டோம்" என்று சண்முகக்கனி அழுதார்.

அந்த மனிதருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "அம்மா, உசுரோட இருக்கவங்கள முடிக்கதுக்கு எங்கிட்ட வழி இருக்கு. முடிஞ்சவங்கள எழுப்ப வழி இல்ல. கோர்ட்டுக்குப் போங்க." போனோம். வாய்தா ஒன்பது மாதம் தள்ளி, ஆவணியில் கிடைத்தது. அதுவே சீக்கிரம் என்றார் வக்கீல்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் பிள்ளை சிரித்தாள். "நான் செத்துட்டேன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்லுதாரு பாத்தீங்களா சார்?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நெழல் எத்தன நாளுன்னு சொல்லிச்சு?"

மறைக்க நினைத்தேன். அதுவரை மறைத்து நான் கண்டது என்ன? சொல்லிவிட்டேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஓடுனா ஏழு. ஓடாம இருந்தா பதினாலு. கோர்ட்டு ஒம்போதாவது மாசம். அதுல வழி கெடைக்கும்னு என்ன நிச்சயம்? மீட்டு ரெண்டு மாசத்துல. சார், நான் அந்த ஏழு மாசத்த ஓடிக்கிடட்டுமா?"

"பேசாம இருட்டி."

"நீங்க கடைசி வளைவுல 'கோமதி, விடாத'ன்னு கத்துவீங்கள்ல சார். எனக்கு அப்ப நான் ஓடுத மாதிரியே இருக்காது. அவதான் ஓடுதான்னு தோணும். அம்மையப் பாத்து ஓடியாந்தால்லா, அத முடிச்சு வைக்க மாதிரி. கோட்டத் தாண்டுனதும் அவ நல்லாத்தான் இருக்கா, ஒண்ணும் ஆகலன்னு இருக்கும்."

"ஓடக் கூடாது. அவ்வளவுதான். அம்மாகூட வீட்டுக்குப் போ. ஓட்டம்ங்கிற நெனப்பே வரக் கூடாது" என்றேன். நான் சொன்ன சொல்லை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. அதையும் தட்டவில்லை. விடுதிப் பதிவேட்டில் 'கணுக்கால் சுளுக்கு, விடுப்பு' என்று எழுதினேன்.

மற்றப் பிள்ளைகளின் சரியான வயதை வாங்கித் தரும்படி அஸ்மா தினமும் என்னை அரித்தார். பதினோரு வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். ஒரு வீட்டில்கூட ஒத்துக்கொள்ளவில்லை. "பச்சதான சார் எரியுது, எதுக்குச் சும்மா கெடக்க சங்க ஊதுதீங்க?" என்றார்கள். அந்தப் பேச்சை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். திரும்பி வந்தேன்.

மூன்றாவது மாதம், தை கடைசியில், ஒரு மத்தியானம் சண்முகக்கனி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. உதவிக்கு இருக்கும் பெண் அன்றைக்கு வரவில்லை. நூற்றிருபது பிள்ளைகளுக்கு வெந்த சோறு, அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். "நீ வுடும்மா, ஒனக்கு இடுப்பு வலிக்கும்" என்று சொல்லி ஆவுடை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். அண்டாவைக் கீழே வைத்தாயிற்று. ஒரு பருக்கை சிந்தவில்லை. நிமிர்ந்தவள் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுப்புத் திட்டில் சாய்ந்தாள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்களாம்.

அஸ்மா அன்று இரண்டு சொன்னார். ஓடக் கூடாது, பளு தூக்கக் கூடாது. என் காதில் ஒன்றுதான் ஏறியது. ஓட்டம் தவிர எனக்கு என்ன தெரியும்? அதைத்தான் அவளிடம் சொன்னேன். ஓடியிருந்தாலாவது அவளுக்கு மீட்டு கிடைத்திருக்கும், அந்தக் கடைசி வளைவு கிடைத்திருக்கும். உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று அதையும் பிடுங்கிக்கொண்டேன், உயிரையும் காப்பாற்றவில்லை. எந்தச் சாமியிடம் போய் முட்டிக்கொள்ள?

ஆவுடைத்தாய் ஏற்கெனவே இறந்துவிட்டதால், இறந்தது கோமதி என்று பதிந்தார்கள். வயது பதினாறு. வழக்கை வக்கீலே முடித்துவிட்டார். இப்போது காகிதத்தில் இரண்டு பிள்ளைகளும் இல்லை, ஒருத்தியின் சாவு மற்றவள் பெயரில் இருக்கிறது.

இருபது நாள் கழித்துச் சண்முகக்கனி விடுதிக்கு வந்தார். பிள்ளையின் ஸ்பைக் ஷூவையும் துணிகளையும் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். அன்று காலைதான் ஒரு மின்னஞ்சலும் வந்திருந்தது. தேசியப் பயிற்சி முகாமுக்குக் கோமதி தேர்வு. நெஞ்சுப் பட்டையிலிருந்து தகவல் வராவிட்டால் நிழல் நின்றுவிடாது, பிள்ளை விடுமுறையில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு கணக்கிலேயே பயிற்சியைத் தொடரும். அந்தக் கணக்கில் அவள் எண்ணூறு மீட்டரை இரண்டு நிமிடம் ஆறு வினாடியில் முடிக்கும் அளவுக்கு முன்னேறிவிட்டாள். நிழலை அணைக்க வேண்டுமானால் இறப்புச் சான்றிதழை இணைத்துப் பயிற்சியாளர் கையெழுத்திட வேண்டும். அதற்காக ஒரு நகல் கேட்டிருந்தேன்.

அவர் நகலை என்னிடம் தந்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"இதுல எது சார்?"

காட்டினேன். மேல் வரிசையில் நாலாவது. பச்சையாகத் துடித்துக்கொண்டிருந்தது. கீழே 'வயதுக்கு ஏற்ற வளர்ச்சி' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இது ஆவுடையோடது இல்ல சார்" என்றார்.

"அவளோடதுதாம்மா. அவ நெஞ்சுல இருந்து எடுத்த கணக்குதான்."

"பேரு யாருது?"

நான் கையிலிருந்த நகலைப் பார்த்தேன்.

"பேரு சின்னவளுது. வயசு சின்னவளுது. வால்வுல ரெண்டு இதழுதான் அவளுக்கும் இருந்திருக்கும்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாவ. பெரியவ வளந்து முடிச்சுட்டா சார், நான் பெத்தவ எனக்குத் தெரியாதா? இது இன்னும் வளருதுன்னு போட்டிருக்கே. அப்ப வளருறது யாரு?"

பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை. சோறு வெந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்டுட்டா இது நின்னுரும்லா சார்?"

"ஆமாம்மா."

"அஞ்சு வயசுல ஒருக்கா நின்னுச்சு. நான் கையாலதான் புடிச்சிருந்தேன்" என்றார். "வேண்டாம் சார். அவ ஓடிட்டுப் போட்டும்."

அவர் போன பிறகு அஸ்மா உள்ளே வந்தார். மேசையில் இருந்த நகலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளைக்குப் படிவத்தில் பதினைந்து வயது.

நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை நினைவூட்டல் வருகிறது, 'நெஞ்சுப் பட்டையைச் சரிபார்க்கவும்' என்று. காலையில் மைதானத்துக்குப் போகுமுன் மருத்துவ அறையை எட்டிப் பார்ப்பேன். மேல் வரிசையில் நாலாவது பச்சையாக ஓடுகிறது. வருகிற பங்குனியில் கோமதிக்குப் பதினேழு முடிகிறது.